காட்டுவதற்கு ஒரு பல்

தாடை மூட்டு வலியை ஆராய்ச்சி செய்கிறவள் ஒரு புது ஊருக்குப் போனால் முதலில் பார்ப்பது அந்த ஊர் எதை மெல்லுகிறது என்பதைத்தான். கோயிலும் கடைத்தெருவும் அப்புறம். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கிய அன்று மாலையே தெரிந்துவிட்டது, இந்த ஊர் பரோட்டா மெல்லுகிறது. பினாங்கில் நாங்கள் சாப்பிடும் ரொட்டி சானாயும் இதன் சொந்தக்காரன்தான். ஆனால் அது பருப்பில் விழுந்தவுடன் சமாதானமாகிவிடும். இங்கே பரோட்டாவைச் சால்னாவில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அது தன் கொள்கையிலிருந்து இறங்கிவருவதில்லை. இரண்டாவது பரோட்டாவில் என் வலது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆராய்ச்சிக்கு இது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கார் கம்பெனிகளும் செல்போன் கம்பெனிகளும் அவற்றுக்குத் துணைபோகும் சின்னக் கம்பெனிகளும் ஒரகடம் வரைக்கும் வயல்களில் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அப்படி இறங்கியவற்றில் ஒன்று காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டித்தரும் தொழிற்சாலை. அதற்கு அண்ணன் மாதிரி ஒரு தொழிற்சாலை எங்கள் பினாங்கில் இருக்கிறது. ஒரகடத்துப் பெண்களுக்குத் தாடை வலி அதிகம் என்ற சேதி அண்ணன் வழியாக எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. வலிக்கிற தாடையில் என்ன மூலக்கூறு என்ன சேதி சொல்லுகிறது என்று அளந்துபார்ப்பது என் வேலை. ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் குழாய்களுமாகப் புறப்பட்டுவிட்டேன். அந்தக் குழாய்களில் நான் நிரப்ப வேண்டியது எச்சில்.

மறுநாள் காலை சேர் ஆட்டோ. ஆறு பேர் உட்காரலாம் என்று யாரோ நினைத்துச் செய்த வண்டியில் எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ண எனக்குத் தலையைத் திருப்ப இடமில்லை. மடியில் ஐஸ் பெட்டி. ஓட்டுநர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னாக்கா, பொட்டில மீனா கீது?"

இல்லை என்றேன். அப்படியானால் குல்ஃபியா என்றார். அதுவும் இல்லை என்றதும் என்மேல் இருந்த மரியாதை குறைந்து, பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். கன்டெய்னர் லாரி ஒன்றை முந்தப்போய் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. உள்ளே இருந்த எல்லோருடைய பற்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டன. பினாங்கில் இப்படி நடந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள். இங்கே பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் திறக்காமலேயே தூக்கத்தைத் தொடர்ந்தாள்.

தொழிற்சாலையில் என்னை வரவேற்றவர் மனிதவள மேலாளர் பார்த்திபன். சட்டையில் மடிப்புக் கலையாத, எதிராளி பேசி முடிக்கும் முன்பே தலையாட்டிவிடுகிற மனிதர். அவருடைய நிறுவனத்தில் எதுவும் அளக்கப்படாமல் இருப்பதில்லை என்று காபி வருவதற்குள் நான்கு விதமாகச் சொல்லிவிட்டார். காபியும் அளந்துதான் வந்தது. எங்கள் ஊர்க் கோப்பிக் கடையில் கையைக் கழுவ அதைவிட அதிகத் தண்ணீர் தருவார்கள்.

பிறகு லைனுக்கு அழைத்துப்போனார். சாய்த்து நிறுத்திய பலகைகளில் ஆணிகள். ஆணிகளுக்கு நடுவே வயர்களை ஓடவிட்டு, கிளை பிரியும் இடத்திலெல்லாம் கறுப்பு டேப் சுற்றிக் கட்டுகிறார்கள். முடிந்ததும் பார்த்தால் ஜடை மாதிரி இருக்கிறது. "இதுதான் மேடம் காரோட நரம்பு மண்டலம்" என்றார் பார்த்திபன். மனித நரம்பைப் படிக்க வந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான உபசாரம் கிடையாது என்று அவருக்கு நினைப்பு.

லைனிலேயே வேகமான பெண் என்று சூப்பர்வைசர் ஒருத்தியைக் காட்டினார். பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமம். தொப்பிக்குள் முடியும் அரை முகமும் போயிருந்தன. அவள் கை என்ன வேகம் பாருங்கள் என்றார் சூப்பர்வைசர். பார்த்தேன். கை வேகமாகத்தான் டேப்பைச் சுற்றியது. சுற்றி முடித்ததும் தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்தாள். டேப்பை வலது பல்லில் கொடுத்து, கடித்து, ஒரு வெட்டு இழுத்தாள். அறுந்துவிட்டது. அடுத்த கிளை. மறுபடி கடி. லைன் முழுக்க அப்படித்தான். வயரில் கீறல் விழுகிறது என்று கத்தியையும் கத்தரியையும் எடுத்துவிட்டார்களாம். அதற்குப் பதிலாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். டேப் நல்ல டேப் மேடம், கையாலேயே கிழியும் என்றார் சூப்பர்வைசர். நான் கையால் கிழித்துப் பார்த்தேன். கிழியவில்லை. அவர் வேறு பக்கம் பார்த்தார்.

மதியம் டிஸ்பென்சரியில் எச்சில் சேகரித்தேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, குழாயில் துப்பிவிட்டு, தப்புச் செய்தவர்கள் மாதிரி நீட்டினார்கள். வாயைத் திறந்து மூன்று விரலைச் செங்குத்தாக உள்ளே விடச் சொன்னேன். வலியில்லாத தாடைக்கு மூன்று விரல் போகும். ஜெசிந்தாவுக்கு ஒன்றரை விரல்தான் போனது. வலப்பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. சொத்தையா என்றேன்.

"சொத்தையெல்லாம் இல்லக்கா. வலின்னு போனேன், எடுத்துட்டாவ. எடுத்தா வலி போயிருது. பொறவு ஒரு வாரத்துல அடுத்த பல்லுக்கு வந்துருது. சனிக்கிழம மூணாவத எடுக்கணும்."

மூன்றாவது பல்லைப் பார்த்தேன், தட்டினேன், குளிர்ந்த தண்ணீர் விட்டேன். ஒரு குறையும் இல்லாத பல். காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தியதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இங்கேதான் என் படிப்பைக் கொஞ்சம் அவிழ்த்தாக வேண்டும். காதுக்கு முன்னால் இருக்கும் அந்த மூட்டு ஓயாமல் இழுபட்டால் வீங்கும். வீங்கிய இடத்துச் செல்கள் சில பொருள்களைக் கசியவிடும். அவை நரம்பு நுனியை உசுப்பும். முகத்தின் நரம்புகள் எல்லாம் மண்டையோட்டுக்குள் ஒரு முடிச்சில் வந்து சேருகின்றன. மூட்டின் நரம்புச் செல்லும் பல்லின் நரம்புச் செல்லும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கின்றன, பென்னலூரில் வாடகைக்கு எடுத்த ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கும் இந்த லைன் பெண்களைப் போல. அடிபட்ட செல் சி.ஜி.ஆர்.பி. என்ற சின்னப் புரதத்தை அக்கம்பக்கத்தில் கொட்டும். அது பட்டதும் சும்மா கிடந்த செல்லும் சுற்றியிருக்கும் துணைச் செல்களும் சிடுசிடுக்க ஆரம்பிக்கும். ஒருத்தி இருமினால் அறை முழுக்க விழித்துக்கொள்ளும் அல்லவா. இருட்டில் இருமியது யார் என்று மூளைக்குத் தெரியாது. பல் என்று சொல்லிவிடும். மூளை சொன்னதை ஜெசிந்தா நம்பினாள். ஜெசிந்தா சொன்னதைப் பல் டாக்டர் நம்பினார். நடுவில் ஒன்றும் அறியாத இரண்டு பற்கள் போய்விட்டன.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. பல்லில் கோளாறே இல்லையென்றால் அதைப் பிடுங்கியதும் வலி எப்படிப் போனது? போனது என்று ஜெசிந்தா மட்டுமல்ல, வந்த பெண்களில் பலரும் சொன்னார்கள். அவர்கள் வாயிலும் இடைவெளிகள் இருந்தன. நான் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் மூலக்கூறு மூலக்கூறாக யோசித்தேன். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே மனசுக்குள் உருவாகிவிட்டது. தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

விடுதிக்காரர் தன் ஃப்ரிட்ஜில் குழாய்களுக்கு இடம் கொடுத்திருந்தார். மருந்து என்று சொல்லிவைத்திருந்தேன். தயிருக்கும் சாமிக்கு வாங்கிய கதம்பத்துக்கும் நடுவில் மரியாதையாக வைத்திருந்தார். மறுநாள் அறை துடைக்கும் அம்மா வழியாக அது என்னவென்று தெரிந்துவிட்டது. எச்சில். அதுவும் ஊர்ப் பெண்கள் எல்லோருடைய எச்சில். அவர் ஃப்ரிட்ஜை வாசலுக்கு இழுத்துவந்து, பிளக்கைப் பிடுங்கி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். குழாய்கள் வெயிலில் நின்றன. ஓடிப்போய்ச் சுங்குவார்சத்திரம் மீன் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து என் பெட்டியில் வஞ்சிரம் வாசனை. சேர் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். கேட்டதற்கு முதலிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று அந்தச் சிரிப்பு.

புதன்கிழமை பெண்களைச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் பிடித்தேன். சப்பாத்தி போட்டார்கள். தாடை வலிக்காரர்களுக்கு இந்தச் சப்பாத்தியைக் கண்டுபிடித்த சமையல்காரர் என் துறையில் வேலை பார்க்கத் தகுதியுள்ளவர். ஜெசிந்தா அதைக் குழம்பில் ஊறவைத்து, இடப்பக்கம் ஒதுக்கி, பாதிக்கு மேல் அப்படியே விழுங்கினாள். பல் எடுத்த பிறகு என்ன செய்வாய் என்று சும்மாதான் கேட்டேன். அறையில் படுத்துக் கிடப்பேன், கஞ்சி குடிப்பேன் என்றாள். வேலைக்கு?

"பல்லு எடுத்தா மூணு நா லீவுக்கா."

என் ஆராய்ச்சிக் கட்டுரை அந்த இடத்திலேயே இறந்துபோனது. டேப் கடிக்காமல், சப்பாத்தி மெல்லாமல், பேசாமல், மூன்று நாள். எந்த மூட்டுக்குத்தான் வீக்கம் வடியாது? குணப்படுத்தியது லீவு. பெயர் வாங்கியது குறடு.

அப்படியானால் பல்லை விட்டுவிட்டு லீவை மட்டும் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். தாடை வலி என்றால் லீவு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத வலிக்கு இந்தத் தொழிற்சாலையில் செலாவணி இல்லை. டாக்டர் சீட்டும் செல்லாது. யாரோ ஒரு காலத்தில் பொய்ச் சீட்டு கொண்டுவந்தார்களாம். அதிலிருந்து ஒரு விதி. பல் எடுத்தவர்கள் எடுத்த பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து டிஸ்பென்சரியில் காட்ட வேண்டும். காட்டினால் மூன்று நாள். சொல்லாமல் நின்றுவிட்டால்? பயிற்சிக்காலம் நீளும். ஜெசிந்தாவுக்கு இந்த மாதத்தோடு பயிற்சி முடிகிறது, நிரந்தரம் ஆகப்போகிறாள்.

"பல்லு போனாப் போவுதுக்கா. வேல போவக் கூடாது" என்றாள். இருபத்திரண்டு வயசுப் பெண். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் நன்றாகப் பேசுவேன் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

வியாழக்கிழமை நிர்வாகத்துக்கு முன்னால் பேச ஏற்பாடாகியிருந்தது. ஏசி அறை, பிஸ்கட், படம் காட்டும் கருவி. மூட்டு, நரம்பு, முடிச்சு, சி.ஜி.ஆர்.பி. எல்லாவற்றையும் வண்ணப் படங்களோடு விளக்கினேன். முடிவில் இரண்டு விஷயம் கேட்டேன். லைனுக்கு வயரைக் கீறாத மழுங்கிய முனைக் கத்தரி. மூட்டு வலிக்காரர்களுக்கு, பல்லைப் பிடுங்காமலே, சில நாள் ஓய்வு. கைதட்டினார்கள். பார்த்திபன் எழுந்தார்.

"எக்சலென்ட் மேடம். ஆக, வலிக்குக் காரணம் அவங்க உடம்புல ஊறுற மாலிக்யூல். நம்ம லைன் இல்ல. இதையே நீங்க ரெண்டு வரியில எழுதிக் குடுத்துட்டா ரொம்ப உபயோகமா இருக்கும்."

மாலிக்யூல் தானாக ஊறாது, டேப் கடித்தால்தான் ஊறும் என்றேன். அவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, இந்த எச்சில் டெஸ்டைக் கேட்டிலேயே வைக்க முடியுமா என்று கேட்டார். யாருக்கு உண்மையாக வலிக்கிறது, யார் நடிக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடுமாம். அளந்துபார்க்க மாதக்கணக்கு ஆகும், அப்போதும் ஒரு ஆளைக் காட்டி இவளுக்கு வலிக்கிறது, அவளுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது என்றேன். அவருக்கு என் படிப்பின்மேல் இருந்த ஆர்வம் அந்த வாக்கியத்தோடு முடிந்தது. கத்தரியைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். ஓய்வைப் பற்றிப் பேச்சே இல்லை.

"வலி எங்க மேடம் இருக்கு? காட்டுங்க, லீவு தரேன். பல்லுன்னா பாக்கலாம், தொடலாம். அப்ஜெக்டிவ் எவிடென்ஸ்." பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நான் பதினைந்து வருஷம் படித்தது வலியைக் கண்ணுக்குத் தெரிய வைக்கத்தான். அந்த அறையில் அது ஒரு கடைவாய்ப் பல்லுக்குச் சமமாகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தாவோடு நானும் பல் டாக்டரிடம் போனேன். சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கடைக்கு மேலே மாடியில் கிளினிக். டாக்டர் தனசேகர் ஐம்பதைத் தாண்டிய, நாள் முழுக்கக் குனிந்தே நின்று முதுகு வளைந்துபோன மனிதர். சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மூட்டைத் தொட்டுக் காட்டினேன், விரலைவிட்டுக் காட்டினேன், லீவுக் கணக்கைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"சந்தேகம் எனக்கும் உண்டு மேடம். பல்லு நல்லா கீதேம்மா, வேணாம்னுதான் சொல்வேன். எடுக்காமப் போக மாட்டேன்னு உக்காந்துக்கினு அழுவுதுங்க. எடுத்தா நாலு நாள் கழிச்சி நல்லாயிட்டேன்னு வந்து சிரிக்குதுங்க. நான் இன்னா பண்றது?"

ஜெசிந்தா அதற்குள் நாற்காலியில் ஏறிப் படுத்து வாயைத் திறந்துவிட்டாள், ஒன்றரை விரல் அளவுக்கு. விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்தில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் கையில் ஒரு பல் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பலகைக்கு முன்னால் நின்று மறுபடியும் டேப் கடிக்க வேண்டும். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தேன்.

அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் ஏதோ திரவத்தில் முக்கால்வாசிக்குப் பற்கள். பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்குக் கேட்டு வருவார்களாம். உலகம் முழுக்கப் பல் டாக்டர்கள் இப்படித்தான், பினாங்கில் எங்கள் துறையிலும் ஒரு பாட்டில் உண்டு.

அவளுக்குத் தேவை பல்தானே, அவளுடைய பல்லாகவே இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறதா என்று கேட்டேன். டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பல் எடுத்ததாகத் தன் கையால் எழுதித் தர மாட்டேன் என்றார். சீட்டுத்தான் அங்கே செல்லாதே, வேண்டாம் என்றேன். பாட்டிலைச் சாய்த்துத் தட்டில் கொட்டி, கடைவாய்ப் பல்லாகத் தேடினார். கிடைத்ததெல்லாம் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்த பெரியவர்களுடையவை. இருப்பதிலேயே சுமாராக ஒன்றை எடுத்துக் கழுவிக் காட்டினார். வெற்றிலைக் காவி வேர் வரைக்கும் இறங்கியிருந்தது. நடுவில் ஒரு குழி.

ஜெசிந்தா அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கப்போய், வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். அதைக் கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். அவள் கன்னத்துக்குள் டாக்டர் ஒரு பஞ்சை வைத்து, திங்கட்கிழமை இப்படி உப்பலாகப் போ என்று காட்டினார். வெந்நீர் ஒத்தடம், கஞ்சி, அகலமாகக் கொட்டாவி விடக் கூடாது, இடப்பக்கம் வலப்பக்கம் எந்தப் பக்கமும் டேப் கடிக்கக் கூடாது என்று நான் சொன்னேன். கீழே இறங்கி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எனக்கு ஊருக்குப் புறப்படும் நாள். விடைபெறுகிற சாக்கில் தொழிற்சாலைக்குப் போனேன். உண்மையில் அந்தப் பல் செல்லுபடியாகிறதா என்று பார்க்கத்தான் போனேன். மாட்டிக்கொண்டால் எனக்கு ஒன்றும் ஆகாது, நான் விமானத்தில் ஏறிவிடுவேன். போவது அவள் வேலை. டிஸ்பென்சரியில் ஜெசிந்தா வரிசையில் நின்றிருந்தாள். நர்ஸ் பஞ்சைப் பிரித்தார். பல்லைத் திருப்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி பல்லைத் திருப்பினார். அந்த நேரம் பார்த்துப் பார்த்திபன் என்னை வழியனுப்ப உள்ளே வந்தார். நான் சுவரில் இருந்த முதலுதவிப் படத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் நர்ஸ் கையிலிருந்து பல்லை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அறுபது வருஷம் வெற்றிலை போட்ட பல் அது. இருபத்திரண்டு வயசுப் பெண் எதிரில் நிற்கிறாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார், வெற்றியோடு.

"பாருங்க மேடம், எவ்ளோ கெட்டுப் போயிருக்கு. இத வச்சிக்கிட்டு மாலிக்யூல்னா எப்படி? வாய சுத்தமா வச்சிக்கத் தெரியல, அவ்ளோதான் விஷயம்." நர்ஸிடம் திரும்பி, மூன்று நாள் போடச் சொன்னார்.

நான் தோற்றுப்போன முகத்தை வைத்துக்கொண்டேன். அது எனக்கு நன்றாக வந்தது. கத்தரி வந்துவிட்டது என்றும் சொன்னார். லைனுக்கு ஒன்று. காணாமல் போகாமல் இருக்கச் சூப்பர்வைசர் மேசையில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம்.

வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா எனக்காக நின்றிருந்தாள். கன்னத்துப் பஞ்சைத் துப்பிவிட்டு நாக்கால் மூன்றாவது பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இருக்கிறது என்று எனக்கும் சைகை காட்டினாள். நர்ஸ் திருப்பிக் கொடுத்த காவிப் பல்லைக் கைக்குட்டை முனையில் முடிந்து வைத்திருந்தாள். அதைத் தூக்கிப்போடு என்றேன். முடிச்சை இறுக்கினாள்.

"இருக்கட்டும்க்கா. எங்க ரூம்ல இன்னும் நாலு பேரு இருக்காவ."

ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுக்கச் சொன்னேன். பிறகு யோசித்து, அடுத்தவள் போகும்போது வேறு ஷிப்ட் நர்ஸாகப் பார்த்துப் போகச் சொல் என்றேன்.